பத்தா, பதினொன்றா

திருகோணமலை லொறி இறக்கிவிட்டுப் போன பின்
தலவாக்கலைச் சந்தையில், பவ்மியின் கடையில்,
சாளைக் குவியலுக்குள்
ஒரே ஒரு மஞ்சள்.

"என்ன மீன் இது?"
"மஞ்சப் பாறை" என்றான்.
போன மாதம் வேறொன்றைக் காட்டியும்
இதே பெயரைத்தான் சொன்னான்.
பக்கத்துக் கடை ஜயசேன "ரன்னா" என்றார்.
கூடை தூக்க வந்த பையன் "கிளி மீன்."
பவ்மி கோபப்படவில்லை.
"பேர் என்னவா இருந்தாலும் கிலோ ஆயிரத்தி நூறு."

அவன் கடைக்கு மேலே சிவப்புக் குடை.
அதன் கீழ் எந்த மீனும்
இப்போதுதான் செத்தது மாதிரி இருக்கும்.
வாலைப் பிடித்து வெளியே கொண்டுவந்தேன்,
மூடுபனியின் வெளிச்சத்துக்கு.

ஐஸ் தின்று மீந்த மஞ்சள்.
அதன்மேல் நீலக் கோடுகள்,
கண்ணருகே கொஞ்சம் வளைந்து.

எண்ணுவது என் வேலை.
நுவரெலியா ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
ஒன்பது வருடமாகப்
பிறர் இரத்தத்தில் வெள்ளையணுக்களை எண்ணுகிறேன்.
நாலு கோடு.
திருப்பிப் போட்டேன்.
அந்தப் பக்கமும் நாலு.

படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன்.
சசிவர்ணன் மாலைதீவில்
சுழியோடிகளின் காற்றுக் குடுவைகளைக் கழுவுகிறவன்.
நீந்தத் தெரியாது.
ஈரம் சொட்ட ஏறி வருகிறவர்கள்
கண்டது எது என்று சுவர் அட்டையில் தேடும்போது
துணியும் கையுமாக அவனும் நின்று தேடுவான்.

"அஞ்சு கோடுன்னா வேற ஆளு.
வயித்தப் பாரு. வெறும் வெள்ளையா?"
இல்லை.
பென்சிலை அழித்த இடம்போல் சாம்பல் இழைகள்.
"முதுகு முள்ள எண்ணு.
பதினொன்னுன்னா வங்காளம்.
பத்துன்னா காஷ்மீரு."
காஷ்மீரா?
"பேரு அப்படித்தான் அக்கா. லத்தீனாம்."

நகத்தால் துடுப்பை நிமிர்த்தினேன்.
பவ்மி எண்ணினான், பத்து.
ஜயசேன எண்ணினார், தஹய என்றார்.
பையனுக்கு மட்டும் பதினொன்று:
முள் முடிந்து கதிர் தொடங்கும் இடத்தைத் தாண்டிவிட்டான்.
அழுத்திக் காட்டினேன். அது வளைந்தது.
முள் வளையாது.

காஷ்மீரில் கடல் இல்லை.
மலை இருக்கிறது, எங்களுக்கு இருப்பதுபோல.
என் பிறப்புச் சான்றிதழிலும்
இனம் என்ற கோட்டுக்கு நேரே
நான் போகாத ஒரு நாடு.
பிறந்தது லிந்துலை ஆஸ்பத்திரி.
அதற்காக ஒரு மீனோடு
சொந்தம் கொண்டாட முடியுமா?
நிறுத்துத் தரச் சொன்னேன்.
இருநூற்றுப் பத்து கிராம்.

அதற்குள் தம்பியிடமிருந்து இன்னொன்று,
விருந்தாளி யாரோ எடுத்த பதினாலு விநாடி:
நூறா, ஐநூறா, தெரியாது.
ஒரே பக்கம் பார்த்த மஞ்சள்.
யாரும் சொல்லாமலே எல்லாம் திரும்ப
ஒரு கணம் வெறும் நீலம்,
பிறகு மறுபடி மஞ்சள்.
ஏழாவது விநாடியில் நிறுத்தி
ஒன்றையாவது தலை முதல் வால் வரை
பார்க்க முயன்றேன்.
ஒன்றின் வால் முடியுமுன்
இன்னொன்றின் கண் தொடங்கியது.

"தனியா ஒன்னப் பார்த்ததா
இங்க ஒருத்தரும் சொன்னதில்ல.
எப்படி மாட்டுச்சு?"
லொறிக்காரரைக் கேட்டோம்.
பெட்டிக்கு ஐஸ் போட்டது மட்டும்தான்
அவருக்கு ஞாபகம்.

வீட்டில் பொரித்தேன்.
எண்ணெய்க்குள் கோடுகள் போன வேகத்தைச் சொல்ல வேண்டும்,
நீலம் முதலில், மஞ்சள் பிறகு.
முள்ளை மட்டும் இன்னொரு தடவை எண்ணிவிட்டுப்
பூனைக்குப் போட்டேன்.

திங்கட்கிழமை
போன் உறையைக் கழற்றினால் உள்ளே ஒரு செதிள்.
கண்ணாடித் தகட்டில் வைத்தேன்.
நிறமே இல்லை.
வளையத்துக்குள் வளையமாக,
விரல் ரேகையை யாரோ
தண்ணீரில் பதித்த மாதிரி.
முப்பத்திரண்டு வரை எண்ணியிருப்பேன்.
டில்ருக்ஷி கூப்பிட்டாள்:
நாலாம் வாட்டிலிருந்து ஒரு இரத்தக் குழாய்
பெயர் ஒட்டாமல் வந்திருக்கிறது.